திக்கிப் பேசிய பெட்டி

செய்தி வந்தபோது நான் தொண்டைமானாற்றில் ஒரு வீட்டு முற்றத்தில் வானொலிப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். என்னைத் தேடி நான் குடியிருக்கும் கரவெட்டிக்குப் போய், அங்கே விசாரித்துக்கொண்டு பின்னால் வந்த ஒருவர், சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு கடிதத்தை நீட்டினார். கொப்பித் தாளில் நான்கு வரி. "தம்பி, அவர் வியாழக்கிழமை விடியப் போயிட்டார். நெஞ்சு நோ. வெள்ளிக்கிழமை அடக்கம் முடிஞ்சுது. உங்களுக்குச் சொல்லியனுப்ப உடனை ஆள் கிடைக்கேல்லை. பிலோமினா." அன்று திங்கட்கிழமை.

வானொலியைப் பிரித்தபடியே விட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். வல்லை வெளியில் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. அடக்கம் முடிந்த மனிதரிடம் இனி என்ன அவசரம் என்ற யோசனை அங்கேதான் வந்தது. ஆனாலும் மிதித்தேன். எனக்குக் கால் ஓடிய பிறகுதான் தலை ஓடும். இதை எழுத உட்கார்ந்து இதுவரை மூன்று தரம் எழுந்துவிட்டேன்.

குருநகர் யோசேப் அண்ணையை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆளைத் தெரியாவிட்டாலும் அவருடைய கையைத் தெரிந்திருக்கும். கரையில் இழுத்து விட்டிருக்கும் படகுகளில் பாதிக்குப் பெயர் எழுதியவர் அவர். கோயில் நாடகங்களுக்குத் திரைச்சீலையில் படம் கீறியவர், பட்டணத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். அவருக்குத் திக்குவாய் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் எங்களூரில் ஒரு கணினி தமிழ் கதைத்த காலத்தில் அதற்கு வாய் வரைந்தவர் அவர்தான் என்பது நாலைந்து பேருக்கு மேல் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது கடைசியில் வரும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் பட்டணத்தில் எனக்கு ஒரு சிறிய வானொலி திருத்துக் கடை இருந்தது. லண்டனில் இருந்த மைத்துனர் தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்துகிற வீட்டுக் கணினி ஒன்றை அனுப்பியிருந்தார். அதன் பின்பக்கத்தில் செருகுவதற்கு ஒரு பேச்சுப் பெட்டியும் வந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் ஓர் இலக்கம். இலக்கங்களை வரிசையாகக் கொடுத்தால் பெட்டி அந்த ஒலிகளைக் கோத்துச் சொல்லும். ஆங்கிலத்துக்காகச் செய்த பெட்டி என்பதால் அதில் ழகரமும் இல்லை, றகரமும் இல்லை. இருந்ததை வைத்து ஒட்டுப் போட்டு அதைத் தமிழ் பேசவைத்தேன். கடையின் பின்னறையில் கணினி வகுப்புத் தொடங்கினேன். அன்றிலிருந்து கடைத்தெருவில் எல்லோருக்கும் நான் மாஸ்டர்.

யோசேப் அண்ணை வந்தது பெயர்ப்பலகை எழுத. வகுப்புக்கு ஆள் பிடிப்பதற்காக நான் வாசலில் ஒரு வட்ட முகத்தைத் திரையில் ஓடவிட்டிருந்தேன். பேச்சுப் பெட்டி பித்தளைக் குடத்துக்குள் இருந்து வருவது போன்ற குரலில் "வணக்கம், வாருங்கள்" என்று சொல்லும். முகத்தின் வாய் தன்பாட்டில் திறந்து மூடும். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் தூரிகையோடு அதன் முன்னால் நின்றுவிட்டார். இரண்டு தரம் கூப்பிட்டேன். அவர் மேசையில் கிடந்த துண்டுத் தாளை எடுத்து எழுதினார்: "இது சொல்லுறதை வாயைப் பாத்து ஒராள் விளங்கிக்கொள்ளலாமோ?" முடியாது, இது சும்மா விளையாட்டு என்றேன். அவர் அதன் கீழே எழுதினார்: "ஏலுமாக்கலாமோ?"

அடுத்த நாள் தன் மனைவி பிலோமினா அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். முந்தைய வருடம் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவுக்குச் செவி போயிருந்தது. ஒரு காது அடியோடு அடைத்துவிட்டது. மற்றதில், நெஞ்சில் தொங்கவிடும் காதுக் கருவியைப் போட்டால், ஓர் இரைச்சல் மட்டும் கேட்கும். அந்த இரைச்சலும் எதிரில் இருப்பவரின் உதடும் ஒன்றாக வந்தால் சொல் பிடிபடும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால் இரண்டும் கெட்டுவிடும். இவ்வளவையும் சொன்னவர் அக்காதான். அண்ணை பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உங்கள் கணவரே எதிரில் இருந்து பழக்கலாமே என்று, விளங்கட்டும் என்பதற்காக, தாளில் எழுதிக் காட்டினேன். அக்கா அதை வாசித்துவிட்டு அண்ணையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குப் பாதி விளங்கியது. மீதி பின்னால் விளங்கியது.

சின்ன வயதிலிருந்து அண்ணை வாயைத் திறந்தால் எல்லோரும், 'எழுதிக் காட்டன்' என்பார்களாம். பள்ளிக்கூடத்தில் அப்படி, மீன் சந்தையில் அப்படி. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் சுவாமியாரும் தாளைத்தான் நீட்டியிருக்கிறார். கலியாணம் முடித்த புதிதில் அவர் அக்காவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுக்க, அக்கா அதை அடுப்பில் போட்டுவிட்டு, "எனக்குக் காது இருக்கு, சொல்லுங்கோ" என்று சொன்னாராம். எவ்வளவு நேரம் பிடித்தாலும் இருந்து கேட்டாராம். இருபது வருடமாக அந்த மனிதர் பேசியதெல்லாம் அந்த ஒருத்தியிடம்தான். இப்போது அந்தக் காது போய்விட்டது. அவர் எதிரில் இருந்து பேசிப் பழக்க முயன்றபோது பதற்றத்தில் திக்கல் இரட்டிப்பானது. ஒரு சொல்லில் அகப்பட்டு உதடு மூடியபடியே நிற்கும்போது, பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபித்தார், அக்கா அழுதார். பிறகு வீட்டுக்குள் துண்டுத் தாள்கள் திரும்ப வந்தன. "கடதாசியிலை குடும்பம் நடத்தேலுமே தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் நேரே கடைக்கு வருவார்கள். அண்ணை சதுரக்கோடு போட்ட கணக்குக் கொப்பியில் வாய்களை வரைந்து கொண்டு வருவார். ஒரு கட்டம் கறுப்பு, ஒரு கட்டம் வெள்ளை என்று நான் அவற்றை இலக்கங்களாக மாற்றிக் கணினிக்குக் கொடுப்பேன். ஆகாரத்துக்கு ஒன்று, ஊகாரத்துக்கு ஒன்று, பல் உதட்டைத் தொடும் வகரத்துக்கு ஒன்று. எல்லாமாகப் பன்னிரண்டு. அவற்றுக்காக அவர் வரைந்த வாய்கள் நூறுக்கு மேல் இருக்கும். நாங்கள் செய்ததையெல்லாம் பாட்டுக் கசெற்றில் பதிந்து வைப்போம். ஒரு தரம் ஏற்றப் பத்து நிமிடம் எடுக்கும். ஒன்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போகும். நான் உட்கார்ந்திருந்த கதிரையை உதைத்துவிட்டு வெளியே போய் நிற்பேன். அவர் கொப்பியைப் புரட்டி அடுத்த வாயை வரைந்துகொண்டிருப்பார்.

இயந்திரம் வாயை வரைந்து முடிக்க நேரம் எடுத்தது. குரல் "வா" என்று சொல்லி முடித்த பிறகுதான் வாய் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணை திரையைக் காட்டி, "மாஸ்டர், உந்த வாய்…" என்று தொடங்கி அப்படியே நின்றார். நான் பொறுப்பேனா? "பெரிசாக்க வேணும், அப்பிடித்தானே? ஓம் அண்ணை, செய்யிறன்" என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்து வாயைப் பெரிதாக்கினேன். பெரிய வாயை வரைய இன்னும் கூடுதல் நேரம் எடுத்தது. குரல் ஒரு பக்கம் போக, வாய் அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. அக்கா ஒரு சொல்லைக்கூடப் பிடிக்கவில்லை. அந்த மூன்று கிழமையும் அவர் ஒரு குறையும் சொல்லாமல் எனக்குப் பெரிய வாய்கள் வரைந்து தந்தார்.

கடைசியில் ஒரு நாள் நான் சோடா வாங்கப் போய்த் திரும்பிவந்தபோது, மேசையில் ஒரு துண்டு இருந்தது. "வாய் முதலிலை வரவேணும். சத்தம் பிறகு." எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் எழுதவில்லை, வாயாலேயே சொன்னார். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சோடா சூடாகிவிட்டது. "என்ரை வாய் எப்பவும் ஆயத்தம் மாஸ்டர். சத்தம்தான் வராது. எல்லாருக்கும் அப்பிடித்தான். அவையளுக்கு இடைவெளி தெரியாது, எனக்குத் தெரியும்." வாயை முதலில் வரையவிட்டு, ஒரு கண் இமைப்பு நேரம் பொறுத்துக் குரலுக்கு இலக்கத்தைக் கொடுத்தேன். வாயும் குரலும் ஒட்டிக்கொண்டன. திரையில் இருந்தது திடீரென்று ஓர் ஆளாகிவிட்டது. வாசித்த கையேடுகள் ஒன்றும் எனக்குச் சொல்லாததை அந்த மனிதர் சொன்னார். அவர் மூன்று கிழமைக்கு முன்பே சொல்ல வந்தது இதைத்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வேகமாகப் பிடித்தார். நான் முதலில் பாடப்புத்தகம் போல 'நான் வருகிறேன்', 'உணவு தயாராக உள்ளது' என்று போட்டிருந்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆர் தம்பி வீட்டிலை உப்பிடிக் கதைக்கிறவை? உவன் என்ன, தீர்ப்பு வாசிக்கிறானோ?" என்று கேட்டார். வெட்கப்பட்டுக்கொண்டு எல்லாவற்றையும் 'வாறன்', 'சோறு போடும்', 'மழை இருட்டுது' என்று மாற்றினேன். இரண்டு மாதத்தில் பெட்டி சொல்லும் இருநூறு வாக்கியங்களும் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் பேசினாலும் விளங்கியது, சந்தையில் மீன்காரி பேசினாலும் விளங்கியது. நான் வென்றுவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு திரிந்தேன். அந்த மனிதரின் முகம் மட்டும் தெளியவில்லை. ஊரே பேசுவது அக்காவுக்கு விளங்கியது, அவர் பேசுவது மட்டும் விளங்கவில்லை. படகு என்று சொல்ல அவர் உதட்டை மூடினால் மூடியபடியே நிற்கும். அக்கா ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிவிடுவார். என் கண்ணுக்கு முன்னாலேயே அது நடந்தது.

அடுத்த ஞாயிறு அவர் தனியாக வந்தார். பெட்டி திக்கவேண்டும் என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு வருடம் மின்சாரத்தோடும் கசெற்றோடும் மல்லுக்கட்டி, ஒரு மயிரிழை பிசகாமல் பேசவைத்திருக்கிறேன், இப்போது அதைக் கெடுக்கச் சொல்கிறீர்களா என்று சத்தம் போட்டேன். அவர் நான் முடிக்கும்வரை நின்றார். பிறகு சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "நான் அவவுக்கு முன்னாலை திக்கினால் எனக்கு வெக்கம், அவவுக்கு அழுகை. உது நூறு தரம் திக்கினாலும் உதுக்கு வெக்கமில்லை. அவ பாத்துப் பழகட்டும்."

அதற்காக அவருடைய திக்கலை நான் அளக்க வேண்டியிருந்தது. விநாடி அளக்கும் கடிகாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தேன். வீட்டில் பேசும் இருபது வாக்கியங்களை அவர் சொன்னார். எந்த எழுத்தில் உதடு மூடுகிறது, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, திறக்கும் முன் தாடை எப்படி ஆடுகிறது, எல்லாம் குறித்தேன். மூன்றாவது வாக்கியத்திலோ நாலாவதிலோ எனக்கு ஒன்று தெரிந்தது. அவருடைய மேலுதட்டில் ஒரு மச்சம் இருக்கிறது. இவ்வளவு காலம் பழகியும் அதை நான் கண்டதில்லை. அவர் பேசத் தொடங்கினால் நான் மேசையைப் பார்ப்பேன், தெருவைப் பார்ப்பேன். மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். "மாஸ்டர் இண்டைக்குத்தான் என்ரை முகத்தைப் பாக்கிறியள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். 

திரையில் இருந்த வாய் இப்போது யோசேப் அண்ணையைப் போலத் திக்கியது. உதடு மூடும். நாலு விநாடி, ஐந்து விநாடி. குரல் வராது. கீழ்த்தாடை மெல்ல நடுங்கும். பிறகு படாரென்று வாய் திறக்க, அதே கணத்தில் குரல் வரும்: "படகு வந்திட்டுது." எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்கவே முடியவில்லை, எழுந்து நடந்தேன். அக்கா எழும்பாமல் இருந்தார். முதல் நாள் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பினார். நாலாவது ஞாயிறு திருப்பவில்லை. ஆறாவதோ ஏழாவதோ ஞாயிறு, பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அண்ணை அக்காவின் தோளைத் தொட்டு, "இஞ்சாரும்" என்று தொடங்கினார். பிறகு உதட்டை மூடினார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நீண்ட நேரம். அக்கா கண்ணை எடுக்கவில்லை. "பசிக்குது" என்றார் அவர். "அப்ப வீட்டை போவம், குழம்பு கிடக்கு" என்றார் அக்கா. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு நன்றி சொல்லக்கூட இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோசம் பிறகு ஒருநாளும் வரவில்லை.

பின்பு தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் ஒரேயடியாகப் போனது. பற்றரி வருவது நின்றது. அக்காவின் காதுக் கருவி செத்தது. இருந்த அந்த இரைச்சலும் போய், உதடு மட்டும்தான் மிச்சம். கடையை மூடிவிட்டு நான் கரவெட்டிக்குப் போய்ச் சைக்கிள் தைனமோவில் வானொலி ஓடவைத்துக் காலம் தள்ளினேன். குருநகர்ப் பக்கம் இரண்டு தரம்தான் போயிருப்பேன். இரண்டு தரமும் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டு இருந்தார்கள். அக்கா மீன் வெட்டுவதை நிறுத்திக் கத்தியைக் கையில் பிடித்தபடி, அண்ணையின் உதடு திறக்கும்வரை பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த வீட்டில் துண்டுத் தாள் ஒன்றையும் நான் காணவில்லை.

இந்தத் திங்கட்கிழமை போனபோது அக்கா முன் விறாந்தையில் கறுப்புச் சேலையோடு இருந்தார். கடைசி நேரத்தைச் சொன்னார். நெஞ்சு நோவோடு படுத்திருந்தவர் ஏதோ சொல்ல உதட்டை மூடினாராம். "சனமெல்லாம் முடிஞ்சுதெண்டு அழத் துவங்கியிட்டுதுகள் தம்பி. நான் பாத்துக்கொண்டு இருந்தன். 'போர்வை வேண்டாம், வேர்க்குது' எண்டவர். பிறகுதான் போனவர்." இதைச் சொல்லும்போது அக்கா சிறிது சிரித்தார். நான் எழும்பப் போனேன். அப்போது கேட்டார்: "நீங்கள் கடை மூடிப்போட்டுப் போன அண்டைக்கு, மாஸ்டரிட்டை ஒண்டு சொல்ல வேணுமெண்டு விடிய எழும்பி வந்தவர். சொன்னவரோ?"

"ஓம் அக்கா, சொன்னவர்" என்றேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். "அப்ப சரி" என்றார்.  நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் சொல்வதாகச் சொன்னது இதுதான். அன்று காலை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் சாமான்களை ஏற்றிவிட்டு நான் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். சாரதி அவசரப்படுத்தினான். யோசேப் அண்ணை சைக்கிளில் மூச்சிரைக்க வந்து இறங்கி, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர்" என்றார். பிறகு உதட்டை மூடினார். அந்த உதட்டை நான் விநாடி விநாடியாக அளந்தவன். ஐந்து விநாடி பொறுத்திருந்தால் போதும் என்று உலகத்தில் அக்காவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான்தான். "ஓம் அண்ணை, விளங்குது, வாறன்" என்று சொல்லிக் கையைக் காட்டினேன். இயந்திரம் புறப்பட்டது. அவர் கையை எடுத்துவிட்டார்.

கணினி துருப்பிடித்துக் கிடக்கிறது. கசெற் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூடிய உதடு மட்டுமே. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். சொல்ல வந்த சொல்லின் முதல் எழுத்துக்கூட எனக்குத் தெரியாது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்ல வந்ததை நான் சொல்லி முடித்தேன், எத்தனை தரம் அவர் களைத்துப்போய்த் தலையாட்டினார் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன், இருக்க முடியவில்லை.

பிலோமினா அக்கா, இதை நீங்கள் வாசிப்பீர்கள். நான் சொன்னது பொய். அவர் சொல்லவில்லை, நான் நிற்கவில்லை. அது என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறேன். அவர் சொல்ல வந்ததை நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் இருந்து கேட்கிறேன்.